எஞ்சின் வீட்டுத் தகடு

காளிதாசன் விட்ட முதல் குத்திலேயே லோகேஸ்வரனுக்கு மூக்கு உடைந்தது. இரண்டாவது குத்துக்கு அவன் தலையை விலக்கிக்கொண்டான். அது மேசையில் இறங்கியது. அந்த மேசையில்தான் லோகேஸ்வரன் செய்த குட்டி ரயில் ஓடிக்கொண்டிருந்தது. மூங்கில் குச்சியால் கட்டிய பாலம், அதன் அடியில் கண்ணாடியில் செய்த ஆறு, நகத்தளவு உயரத்துக்கு மண்வெட்டியோடு நின்ற கூலிக்காரர்கள், எல்லாம் ஒரே சரிவில் போயின. கறுப்பு எஞ்சின் தண்டவாளத்தை விட்டு எகிறி சிமெண்டுத் தரையில் விழுந்து, மல்லாந்தபடியே சக்கரங்களைச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

"கறுப்பாம்லா, கறுப்பு! எங்க தாத்தா கொண்டாந்த தகடு என்னாடா கலரு? கண்ணு தெரியலயா ஒனக்கு?"

லோகேஸ்வரன் வாயில் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான். "தகடு பச்சைதான். எஞ்சின் கறுப்பு. அதத்தான் நானும் சொல்றேன்."

காளிதாசன் அவன் வயிற்றில் உதைத்தான்.

தர்மலிங்கம் வாசலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகன் காளிதாசனைத் தடுக்கவில்லை. எழுபத்தாறு வயதிலும் அவர் முதுகு வளையவில்லை. கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். இருநூறு பேரை வேலை வாங்கியவர். யார் முன்னாலும் குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகாதவர். தன் குடும்பத்தைச் சபையில் ஒருவன் பொய்யன் என்று சொன்ன பிறகு அவனை உதைப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற ஆள் அவர் இல்லை. கால் மணி நேரம் முன்னால் லோகேஸ்வரன் சொன்னது அதுதான்.

சுங்கைப் பட்டாணியில் அன்று, ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போய் மாண்டவர்களுக்கான நினைவுக் கண்காட்சி. ஏற்பாடு செய்தவர் கோவில் தலைவர் பரஞ்சோதி. அவரே செமிலிங்கில் தர்மலிங்கத்தின் வீட்டுக்கு வந்து, "அண்ணே, ஒங்க வீட்டுத் தகடு இல்லாம இந்தக் கண்காட்சி எப்படி?" என்று கேட்டு வாங்கிப் போனார். அவரே கார் பெயிண்ட் பட்டறை வைத்திருந்த லோகேஸ்வரனிடமும் போய், அவன் பொழுதுபோக்காகச் செய்து வைத்திருந்த குட்டி ராணுவ ரயிலைக் கேட்டார். இரண்டையும் கோவில் மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வைத்தார். அங்கேதான் வினை பிடித்தது. வந்தவர்களில் ஒருவர், தகடு ஒரு நிறமாகவும் எஞ்சின் ஒரு நிறமாகவும் இருக்கிறதே என்று கேட்டார். லோகேஸ்வரன் ஒலிபெருக்கியிலேயே பதில் சொன்னான்.

"அந்த லைன்ல ஜப்பான்காரன் ஓட்டின எஞ்சின் கறுப்புங்க. படம் பாத்து, புத்தகம் பாத்து, ஒரு வருஷமா தேடித்தான் நான் கலர் கலந்தேன். இந்தத் தகடு பச்சை. இது அந்த எஞ்சினோடதா இருக்க முடியாது. சண்டை முடிஞ்சப்புறம் எங்கயாச்சும் பழைய இரும்புல எடுத்ததா இருக்கும்."

கூட்டம் தர்மலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தது. சிலர் சிரிப்பை அடக்கினார்கள். அந்தச் சிரிப்புதான் காளிதாசனை மேசை தாண்ட வைத்தது.

அந்தத் தகடு வெறும் இரும்பு இல்லை. ஊரில் அவர்கள் குடும்பத்துக்கு எஞ்சின் வீடு என்றே பெயர். தர்மலிங்கத்தின் தகப்பனார் பக்கிரிசாமியையும் அவருடைய உடன்பிறந்த தம்பியையும் ஜப்பான்காரன் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிப் போனான். சயாம் காட்டில் மழைக்காலம். காலராவில் விழுந்தவர்களை முகாமிலிருந்து தூக்கி வந்து தண்டவாளத்து ஓரத்தில் போட்டிருந்தார்கள். அவர்களில் உயிர் உள்ளவர்களும் இருந்தார்கள். பக்கிரிசாமியின் தம்பி, சேற்றின் குளிர் தாங்காமல் நகர்ந்து போய்த் தண்டவாளத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டான். எஞ்சின் வந்தது. நிற்கவில்லை.

கொஞ்ச தூரம் தள்ளி விறகு ஏற்ற அது நின்றபோது, பக்கிரிசாமியும் கூட இருந்தவர்களும் ஓடிப்போய் ஏறினார்கள். ஓட்டினவனைக் காலைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். ஆணி அடிக்கிற சுத்தியலால் பக்கிரிசாமி அவன் தலையில் அடித்தார். விழுந்த பிறகும் அடித்தார். பிறகு கடப்பாரையால் நெம்பி எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து ஒரு தகட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார். சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது உடம்பில் எலும்பும் கோணியில் அந்தத் தகடும்தான் மிச்சம். "பச்சை எஞ்சினு. அத ஓட்டுனவன நான்தான் கொன்னேன்," என்று சாகும்வரை சொன்னார்.

ஆண்டுதோறும் ஆடி மாதக் கடைசி வெள்ளியில் அந்த வீட்டில் தகட்டுக்கு மஞ்சள் அரைத்துப் பூசுவார்கள். நல்லெண்ணெய் தேய்ப்பார்கள். அதன் முன்னால் சேவலை அறுத்து ரத்தத்தைத் தெளித்து, ஜப்பான்காரனைக் கொன்ற கதையைத் தலைமகன் உரக்கச் சொல்வான். அந்தக் கதையைச் சொல்லித்தான் அந்த வீட்டில் பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள். கூலிக்காரன் வீடு என்று ஒருவரும் அவர்களைக் கீழாகப் பார்த்ததில்லை. கை ஓங்கிய குடும்பம் என்றுதான் பார்த்தார்கள்.

பரஞ்சோதி இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக் காளிதாசனை இழுத்துப் பிடித்தார். கூட்டத்தைச் சாப்பாட்டுப் பந்திக்கு விரட்டிவிட்டு மண்டபக் கதவைச் சாத்தினார்.

"போலீஸ் ரிப்போர்ட் அது இதுன்னு போயிறாதே லோகேசு. செத்தவங்க பேரைச் சொல்லி வெச்ச நிகழ்ச்சிடா."

லோகேஸ்வரன் தரையிலிருந்து எஞ்சினை எடுத்துச் சுவிட்சை அணைத்தான். முன் சக்கரம் கழன்று தொங்கியது. "ரிப்போர்ட் வேணாங்க. மண்டோரய்யா அந்தத் தகட்ட ஒரு காசு அகலத்துக்கு என்னைத் தேய்க்க விடட்டும். பட்டறையில காடிக்குக் கலர் பிடிக்கிறப்ப நாங்க செய்யற வேலைதான். எத்தனை பூச்சு ஏறியிருக்கோ அத்தனையும் வளையம் வளையமாத் தெரிஞ்சிரும். நான் சொன்னது தப்புன்னா இதே மைக்ல மன்னிப்புக் கேக்கறேன்."

"எங்க சாமி மேல நீ உப்புத்தாள் வெப்பியா?" என்றார் தர்மலிங்கம். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். தகட்டைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டம் பார்க்கப் பந்தியின் நடுவே நடந்து வெளியே போனார்.

விஷயம் அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. மறுநாள் மத்தியானம் பெடோங் பெட்ரோல் நிலையத்தில் காளிதாசன் லாரிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது, லோகேஸ்வரன் பட்டறைப் பையன்கள் மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். "மொதலாளி மேலயா கை வெச்ச?" என்று ஒருவன் கேட்டதும் தெரியும், இரும்புக் கம்பி தலையில் இறங்கியதும் தெரியும், அதற்குப் பிறகு காளிதாசனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மருத்துவமனையில் மண்டையைத் தைத்து அனுப்பினார்கள். லோகேஸ்வரன் அனுப்பினானா, பையன்களாக வந்தார்களா என்று யாரும் விசாரிக்கவில்லை. அடித்தது அவன் ஆட்கள். அது போதும்.

தர்மலிங்கம் மகனின் தலைக்கட்டைப் பார்த்தார். அதில் ஊறியிருந்த ரத்தத்தைப் பார்த்தார். உள்ளே போய்ப் பாராங் கத்தியை எடுத்தார். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிய காலத்தில் வாங்கிய கத்தி. பிடியில் இன்னும் ரப்பர் சுற்றியிருந்தது.

மனைவி இராசாத்தி வாசலை மறித்து நின்றாள். "ஏங்க, ஒங்க வயசுக்கு இது தேவையா? அவன் ஒரு கலரு சொன்னான், நாம ஒரு கலரு சொல்றோம். பெயிண்டுக்கா வெட்டிக்கிட்டுச் சாவாங்க?"

"அவன் கலரைச் சொல்லல. எங்கப்பன் பழைய இரும்பு பொறுக்கினவன்னு சொன்னான்."

"அப்ப தேய்க்கச் சொல்லிட்டுப் போங்க. நெசம் நெசமாத்தானே இருக்கும்? தேய்ச்சா ஓடிப்போயிருமா?"

அவர் அவளை விலக்கிக்கொண்டு படியிறங்கப் போனார். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே தைத்தது. தேய்க்க விடாமல் இருப்பதுதான் இப்போது பயந்தவன் செய்கையாகத் தெரிந்தது. ஊரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கும். அவர் திரும்பிப் போய்ச் சாமி அறையிலிருந்து தகட்டையும் எடுத்தார். ஒரு கையில் கத்தி, மறு கையில் தகடு. "வண்டியை எடு," என்றார் காளிதாசனிடம்.

சுங்கைப் பட்டாணியில் தொழிற்பேட்டைத் தெருவில் இருந்தது பட்டறை. அரைகுறையாகப் பூச்சு அடித்த மூன்று கார்கள் நின்றன. பையன்கள் அவரைப் பார்த்ததும் கம்பிகளைக் கையில் எடுத்தார்கள். லோகேஸ்வரன் முகம் வீங்கி, மூக்கில் பஞ்சோடு, மேசையில் அந்த உடைந்த எஞ்சினைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தர்மலிங்கம் கத்தியை மேசையில் ஓங்கிக் கொத்தினார். அது பலகையில் நின்றது. பக்கத்தில் தகட்டை வைத்தார்.

"தேய். பரஞ்சோதியைக் கூப்பிடு, அவன் பாக்கட்டும். இது அந்த எஞ்சினோட தகடுன்னு தெரிஞ்சா, எங்கப்பனைப் பொறுக்கின்னு மைக்கு பிடிச்சுச் சொன்ன கைய எனக்குக் கொடுக்கணும். இல்லன்னு தெரிஞ்சா, இந்தத் தகட்ட நானே சாக்கடையில போட்டுட்டு, எம்மவன இங்க கொண்டாந்து நிறுத்தறேன். ஒம் பையனுங்க மிச்சத்தையும் அடிக்கட்டும்."

"அப்பா!" என்றான் காளிதாசன்.

"நீ வண்டியில போய் உக்காரு."

லோகேஸ்வரன் கத்தியைப் பார்த்தான். பிறகு தகட்டைப் பார்த்தான். நிறம் என்று வந்துவிட்டால் அவனுக்குக் கத்தி பெரிதில்லை. பரஞ்சோதிக்குத் தானே போன் போட்டான். பையன்களை வெளியே போகச் சொன்னான்.

பரஞ்சோதி மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் வேலை தொடங்கியது. லோகேஸ்வரன் முதலில் உப்புத்தாளைத் தொடவே இல்லை. பஞ்சில் தின்னர் நனைத்துத் தகட்டின் மூலையில் வட்டமாகத் துடைத்தான். பஞ்சு மஞ்சளாக வந்தது. மறுபடி துடைத்தான். பழுப்பாக, பிசுபிசுப்பாக, எண்ணெய் வந்தது. காய்ந்த ரத்தத்தின் துணுக்குகள் வந்தன. பஞ்சு சுத்தமாக வந்தபோது துடைத்த இடத்தில் பச்சையைக் காணோம். கறுப்பு இருந்தது. வெயிலில் வெளுத்த, அடுப்புக் கரி போன்ற கறுப்பு.

லோகேஸ்வரன் நாற்காலியில் சாய்ந்தான். பிறகு வலிக்கிற மூக்கோடு சிரித்தான்.

"எத்தனை வருஷமா மஞ்சளும் எண்ணெயும் போடறீங்க ஐயா?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து."

"அதான். எண்ணெய் காஞ்சு மஞ்சளோட படிஞ்சு கெடக்கு. கறுப்பு மேல மஞ்சள் ஏறினா பச்சையாத்தான் தெரியும். பெயிண்ட் அடிக்கிறவன் நானே ஏமாந்துட்டேன் பாருங்க. ஓரத்துல லேசாத் துடைச்சுப் பாக்காம வாயை விட்டுட்டேன்." எழுந்து நின்றான். "ஐயா, தகடு நெசம். அந்த லைன் எஞ்சினோட கறுப்பேதான் இது. தப்பு என்னோடது. மைக்ல சொல்றேன்."

பரஞ்சோதி கையைத் தட்டியே விட்டார். "பாத்தீங்களாண்ணே! அவன் எஞ்சினும் கறுப்பு, ஒங்க தகடும் கறுப்பு. ரெண்டு பேரும் சொன்னது சரிதான். கத்திய எடுங்க. டீ சொல்றேன்."

நல்ல இடம் அது. அங்கேயே எழுந்து வந்திருந்தால் எஞ்சின் வீடு எஞ்சின் வீடாகவே இருந்திருக்கும். ஆனால் தர்மலிங்கம் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. துடைத்த கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா பச்சைன்னு சொன்னாரு."

"மேல பாத்துட்டுச் சொல்லியிருப்பாருங்க."

"மஞ்சள் பூசறதுக்கு முன்னாடி சொன்னாரு. கோணியிலேர்ந்து எடுத்து வெச்ச அன்னைக்கே பச்சை எஞ்சின்னுதான் சொன்னாரு. எங்கம்மா சாட்சி. அப்ப எங்கப்பா பொய் சொன்னாரா?"

"அண்ணே, விடுங்கண்ணே," என்றார் பரஞ்சோதி.

"எங்க வீட்டுக் கதையில ஒரு வார்த்தை பொய்யின்னாலும் எல்லாம் பொய்யின்னு சொல்லுவானுங்க. இன்னும் தேய். இரும்பு வரைக்கும் தேய்."

லோகேஸ்வரன் தோளைக் குலுக்கிவிட்டுத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளை எடுத்தான். ஒரு விரலால் அழுத்தி வட்டமாகத் தேய்த்தான். கறுப்பு மெலிந்தது. நடுவில் ஒரு புள்ளி திறந்தது. அந்தப் புள்ளி வட்டமானது. தண்ணீரை ஊற்றித் துடைத்தபோது, கறுப்பு வளையத்துக்கு நடுவே நிறம் தெரிந்தது. எண்ணெய்ப் பச்சை இல்லை. மழை பெய்து ஓய்ந்த பிறகு செம்பனை ஓலையில் தெரிகிற, ஆழமான, சுத்தமான பச்சை.

தர்மலிங்கம் துள்ளி எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"பச்சை! சொன்னேன்ல? எங்கப்பா வாயிலேர்ந்து பொய் வந்ததே இல்லடா! பாரு பரஞ்சோதி, கண்ணைத் தொறந்து பாரு! பச்சை!"

தெருவில் காத்திருந்த காளிதாசனுக்குக் கேட்கும்படி கத்தினார். மேசையில் கொத்தியிருந்த கத்தியைப் பிடுங்கி எடுத்து, "இப்ப வை கையை," என்றார். வெட்டும் எண்ணம் அவருக்கு இருந்ததா என்பது அவருக்கே தெரியாது. வெற்றி தலைக்கு ஏறியிருந்தது.

லோகேஸ்வரன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கத்தியையே பார்க்கவில்லை. உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போனான். அலமாரியிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்துப் பிரித்தான். இன்னொரு குட்டி எஞ்சின். பச்சை.

"இது நான் மொதமொதல்ல செஞ்சது. ராணுவ ரயிலு இல்ல. நம்ம நாட்டு ரயிலு. எங்க தாத்தா சின்னையா ஓட்டின எஞ்சின்."

"அதுக்கும் இதுக்கும் என்னா?" என்றார் தர்மலிங்கம். "கலரே வேற. இது வெளுப்பா இருக்கு."

"சின்ன பொருள்ல அசல் கலரை அப்படியே அடிச்சா இருட்டிப் போயிரும். கொஞ்சம் வெள்ளை கலக்கணும். இருங்க, அசலைக் காட்டறேன்."

அவன் மறுபடி உள்ளே போய்த் தாத்தாவின் மரப்பெட்டியைத் தூக்கி வந்தான். அந்தக் காலத்து ரயில்காரர்கள் எஞ்சினுக்கு அடித்து மிஞ்சிய பூச்சைத் தங்கள் சாப்பாட்டுப் பெட்டிக்கும் அடித்துக்கொள்வார்கள். அவன் பெட்டியின் மூடியைத் திறந்தான். வெயில் படாத உட்பக்கத்தில் பச்சை அப்படியே இருந்தது. தகட்டை எடுத்து அதன்மேல் வைத்தான். தேய்த்த வட்டத்துக்கும் பெட்டிக்கும் இடையில் கண்ணுக்கு எந்த வேற்றுமையும் தெரியவில்லை. ஒரே டப்பாவில் தூரிகையை நனைத்து அடித்தது போல இருந்தது.

"ஜப்பான்காரன் தாத்தாவோட எஞ்சினைப் பிடிச்சு, கறுப்பு அடிச்சு, சயாமுக்குக் கொண்டு போனான். எஞ்சினோட அவரையும் கொண்டு போனான். அவர் திரும்பி வரல. யாரோ அடிச்சுக் கொன்னுட்டாங்கன்னு ஒரு ஆளு வந்து எங்கப்பாகிட்ட சொல்லிட்டுப் போனான். யாருன்னு சொல்லல. ஜப்பான்காரன் அடிச்சிருப்பான்னு நெனச்சுக்கிட்டோம்." அவன் குரல் மெல்ல ஏறியது. "மண்டோரய்யா, ஒங்க அப்பா கொன்னது யாரை?"

தகட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தர்மலிங்கத்தின் முன்னால் வைத்தான்.

பரஞ்சோதி முந்திக்கொண்டார். "டேய், பச்சை எஞ்சின் ஒண்ணுதான் இருந்துச்சா நாட்டுல? எத்தனையோ பிடிச்சுட்டுப் போயிருப்பான். அவன் ஆளுங்களும் ஓட்டியிருப்பானுங்க. யாரு கண்டா? அண்ணே, நீங்க கெளம்புங்க."

வழி திறந்துதான் கிடந்தது. யாரு கண்டா என்று தர்மலிங்கமும் சொல்லியிருக்கலாம். ஊர் நம்பியிருக்கும். லோகேஸ்வரனும் காலப்போக்கில் நம்பியிருப்பான்.

ஆனால் ஆடி வெள்ளியில் அவர் சொல்லாமல் விட்டுவிடுகிற ஒன்று கதையில் இருந்தது. தகப்பனார் போதையில் ஒரே ஒரு தடவை அவரிடம் சொன்னது. சுத்தியலை ஓங்கியபோது கீழே கிடந்தவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சேர்த்துக் கும்பிட்டான். நம் ஆட்கள் கருவறைக்கு முன்னால் கும்பிடுகிற மாதிரியே கும்பிட்டான். "சாமின்னான்டா," என்று சொல்லிவிட்டுப் பக்கிரிசாமி மறுபடி குடித்தார். கும்பிட்டவனை அடித்தது வீரம் ஆகாதே என்று தர்மலிங்கம் அதைக் கதையிலிருந்து எடுத்துவிட்டார். ஜப்பான்காரன் எப்படிச் 'சாமி' என்பான் என்று அவர் ஒரு நாளும் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. கேட்க விரும்பியதில்லை. தகப்பனார் ஏன் பச்சை, பச்சை என்று அந்த நிறத்தையே சொல்லிக்கொண்டிருந்தார் என்பதும் இப்போதுதான் விளங்கியது. நெம்பும்போது கறுப்பு உரிந்து அவர் கண் முன்னால் பச்சை தெரிந்திருக்கிறது. எந்த ஊர் எஞ்சின், யார் ஓட்டினது என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

தர்மலிங்கம் கத்தியை மேசையில் வைத்தார். கைப்பிடி லோகேஸ்வரன் பக்கம் இருக்கும்படி வைத்தார். வேட்டியை இழுத்துச் சரிசெய்து நிமிர்ந்து நின்றார்.

"எங்கப்பா சுத்தியலைத் தூக்குனப்ப, அந்த மனுசன் தலைக்கு மேல கையெடுத்துக் கும்பிட்டாராம். 'சாமி'ன்னாராம். எங்கப்பா எங்கிட்ட சொன்னாரு. ஜப்பான்காரன் இல்ல தம்பி. தமிழ் ஆளுதான்."

"அண்ணே!" என்று பரஞ்சோதி தலையில் கை வைத்துக்கொண்டார்.

லோகேஸ்வரன் கத்தியைப் பார்த்தான். அவன் கை அதன் பக்கம் போய், அருகிலேயே நின்றது. பிறகு மேசைக்கு அடியில் கிடந்த ஜாக்கிக் கம்பியை எடுத்தான்.

முதல் அடி தர்மலிங்கத்தின் தோளில் விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் பரஞ்சோதிக்குக் கேட்டது. தர்மலிங்கம் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நேரானார். கையை உயர்த்தவில்லை. இரண்டாவது அடி வாயில் விழுந்தது. பல் தெறித்துப் பச்சைப் பெட்டியின் மேல் பட்டது.

"ஜப்பான்காரன் கொன்னான்னு நெனச்சுக்கிட்டே எங்கப்பா செத்தாருடா! பின்னால துப்பாக்கி வெச்சு ஓட்டச் சொல்லியிருப்பான்! நிறுத்த விட்டிருப்பானாடா அவரை? நிறுத்த விட்டிருப்பானா?"

சத்தம் கேட்டுக் காளிதாசன் ஓடி வந்தான். தலைக்கட்டு அவிழ்ந்து தொங்க, கையில் லாரியின் இரும்புச் சங்கிலியோடு வந்தான்.

"நில்லு," என்றார் தர்மலிங்கம். வாயில் ரத்தம் நிறைந்திருந்ததால் சொல் குழறியது. ஆனால் இருநூறு பேரை நிறுத்திய குரல் அது. "அவன் மேல ஒன் கை பட்டுச்சுன்னா நீ எனக்குப் பொறந்தவன் இல்ல."

காளிதாசன் நின்றான். சங்கிலி அவன் கையிலிருந்து தரைவரை தொங்கியது.

மூன்றாவது அடி விலாவில் விழுந்தது. தர்மலிங்கம் முழங்காலில் விழுந்தார். மேசை விளிம்பைப் பிடித்து எழுந்தார். எழுந்து அதே இடத்தில், அதே மாதிரி, அடிக்க வசதியாக நின்றார். லோகேஸ்வரன் நான்காவது அடிக்குக் கம்பியை ஓங்கினான். ஓங்கியபடியே அவர் நிற்பதைப் பார்த்தான். கம்பியைச் சுவர்ப் பக்கம் எறிந்தான். அங்கே நின்ற காரின் கண்ணாடி உடைந்து கொட்டியது. அவன் தரையில் உட்கார்ந்து, உடைந்த மூக்கோடு, மூச்சு முட்ட முட்ட அழுதான்.

"போங்கய்யா. எடுத்துட்டுப் போங்க அதை. எங்க வீட்டுக்கு வேணாம்."

"எங்க வீட்டுக்கும் இனிமே ஆகாது," என்றார் தர்மலிங்கம்.

தகடு மேசையிலேயே கிடந்தது. கடைசியில் பரஞ்சோதிதான் அதைக் கையில் எடுத்தார். எடுத்தவருக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கீழே வைக்க மனம் வராமல் ஏந்திக்கொண்டே நின்றார்.

தர்மலிங்கம் மகன் நீட்டிய கையைத் தள்ளிவிட்டுத் தானே நடந்து போய் லாரியில் ஏறினார். ஒரு தோள் தொங்கிப் போயிருந்தது. வெள்ளைச் சட்டை மார்புவரை சிவந்திருந்தது. காளிதாசன் துண்டை எடுத்து நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் குறுக்கு ரோட்டுல போயிரலாம்ப்பா."

"குறுக்கு ரோடு வேணாம். பாசார் வழியாப் போ. கண்ணாடிய எறக்கு. மெதுவாப் போ."

சாயங்காலக் கூட்டம் கடைத்தெருவில் நிறைந்திருந்தது. தெரிந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பூக்கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். தர்மலிங்கம் முகத்தைத் திருப்பவில்லை, துடைக்கவும் இல்லை. முதுகை இருக்கையில் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"யாராச்சும் கேட்டா என்னாப்பா சொல்றது?" காளிதாசன் சாலையைப் பார்த்தபடியே கேட்டான்.

"சின்னையா பேரன் அடிச்சான்னு சொல்லு." அவர் ரத்தத்தை விழுங்கினார். "ஏன்னு கேட்டா, அதையும் சொல்லு."